சுவருக்குள் உளுத்த உத்திரத் தலை: ஒரு மெட்ராஸ் டெரஸ் கூடத்தில் நடந்த பழுதுபார்ப்பு

பின்னணி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளவாக்கில் போகும் பழைய வீடு. கட்டி ஏறக்குறைய நூறு வருஷம் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். மூத்த மகன் சென்னையில், இளையவர் வெளிநாட்டில்.

பிரச்சினை கூடத்தில். நீளம் 24 அடி, அகலம் 14 அடி. மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். 14 அடி அகலத்தைக் கடந்து, கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு, 8 அடிக்கு ஒன்றாக இரண்டு தேக்கு உத்திரங்கள். ஒவ்வொன்றும் 8 அங்குல அகலம், 12 அங்குல உயரம். உத்திரங்களின் மேல் சுமார் 15 அங்குல இடைவெளியில் 3க்கு 5 அங்குலக் கட்டைகள். கட்டைகளின் மேல்தான் தளம்.

இந்தத் தளத்தை இப்போது போடுபவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன, மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டைகளுக்குக் கோணலாக, சுண்ணாம்புக் கலவையில் வரிசை வரிசையாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, 4 அங்குலம் 3 அங்குலமாகும் வரை நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, மூன்று அடுக்கு. மொத்தம் 8 அங்குலக் கனம். சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்கு மேல் வரும். அதாவது, புதிதாக யாரும் எதையும் ஏற்றாமலே உத்திரத்துக்குப் போதுமான வேலை இருக்கிறது.

இந்த வீட்டில் ஏற்றியிருந்தார்கள். தொண்ணூறுகளில் மழை ஒழுகியபோது தட்டோட்டின் மேலேயே சிமெண்டில் ஜல்லி போட்டு ஒரு வெதரிங் கோர்ஸ், அதாவது மழை உள்ளே இறங்காமல் தடுக்கும் அடுக்கு. பத்து வருஷம் முன்பு சூடு தாங்கவில்லை என்று அதன் மேல் இன்னொரு கலவையும் வெள்ளைக் கூலிங் டைல்ஸும். இரண்டும் சேர்ந்து 4 அங்குலம். அது போதாதென்று மேற்குச் சுவர் ஓரமாக, செங்கல் மேடை கட்டி, 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

முதல் அழைப்பு

2021 நவம்பர் மழை டெல்டாவில் யாருக்கும் மறந்திருக்காது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், வடக்கு உத்திரம் மேற்குச் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அந்த அம்மாவின் கட்டில் அதற்கு நேர் கீழே. அப்போது அவர் கொல்லையில் இருந்தார்.

மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நடுவில உத்திரம் தொங்குது சார், அது உடையப்போகுதா?" என்று கேட்டார். புகைப்படங்களும் நடுப்பகுதியைத்தான் காட்டின. அம்மாவிடம் பேசியபோது வேறொரு விஷயம் கிடைத்தது: "ஆறு மாசமா காலைல பெருக்கும்போது அந்த மூலைல மட்டும் சிவப்பா பொடி இருக்கு தம்பி. எறும்பு கொண்டாந்து போடுதுன்னு நெனச்சேன்."

நடுவில் தொங்குவதைவிட அந்தப் பொடிதான் எனக்குக் கவலை தந்தது. அன்றே இரண்டு விஷயம் செய்யச் சொன்னேன். கட்டிலை ரேழிக்கு மாற்றி, கூடத்தின் அந்தப் பாதியில் யாரும் நடக்காமல் கயிறு கட்டுவது ஒன்று. மேல் தொட்டியைக் காலி செய்வது இன்னொன்று. பூச்சு வேலை எதுவும் வேண்டாம், நான் வரும்வரை விழுந்த இடம் விழுந்தபடியே இருக்கட்டும் என்றும் சொன்னேன். மறுநாள் மாலை உள்ளூர்த் தச்சர் ஒருவரை வைத்து, உத்திரத்தின் மேற்கு முனையில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டு சவுக்கு மரங்களை ஆப்பு வைத்து முட்டுக் கொடுத்தோம். கூடத்துத் தரை மண் நிரப்பின் மேல் போட்ட சிவப்பு சிமெண்ட் தரை. அதனால் கீழே நேராக மரத்தை ஊன்றாமல், 2 அங்குலப் பலகை இரண்டைக் குறுக்காகப் போட்டு அதன் மேல் நிறுத்தினோம்.

பார்த்தது

மழை விட்டு, பொங்கலுக்குப் பிறகுதான் முறையாகப் பார்க்க முடிந்தது.

முதலில் எல்லாரும் பயந்த நடுப்பகுதி. நூல் பிடித்து அளந்தால் வடக்கு உத்திரம் நடுவில் 28 மி.மீ. தாழ்ந்திருந்தது, தெற்கு உத்திரம் 25. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 14 அடி நீளத்துக்கு, இந்தச் சுமையை இத்தனை காலம் சுமந்த தேக்கு இவ்வளவு வளைவதில் ஆச்சரியமில்லை. கணக்குப் போட்டால் அந்தச் சுமைக்கு உடனடி வளைவே ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. மீதி, மரம் வருஷக்கணக்கில் மெல்லத் தளர்ந்து கொடுத்தது. நடுவில் அடிப்பக்கத்தில் குறுக்கு வெடிப்பு இல்லை. நார் பிரியவில்லை. தச்சர் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். கிழக்கிலிருந்து மேற்குச் சுவருக்கு ஒன்றரை அடி இருக்கும் வரை 'டக் டக்' என்று கெட்டியான ஓசை. அதற்கப்புறம் ஓசை மாறியது. "இங்க செத்துப்போச்சு சார்" என்றார்.

அவர் சொன்ன இடத்தில், சுவரைச் சுற்றிப் பூச்சை உளியால் எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். சுவர் முகத்தை ஒட்டிய 2 அங்குலம் வரை கெட்டி. அதற்குள்ளே கைப்பிடி வரை இறங்கியது.

உத்திரம் சுவருக்குள் 9 அங்குலம் போகிறது. அதில் 7 அங்குலம் பழுப்பு நிறத்தில், கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் நிலை. பூஞ்சை பிடித்த மரம். ஓரங்களில் கரையானும் வேலையைக் காட்டியிருந்தது. அடியில் வைத்திருந்த மரத்துண்டும் நசுங்கிப்போனதால் தலை மொத்தமாக 9 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. தொட்டியைக் கணக்கில் சேர்க்காமலே அந்த முனைக்கு வரும் சுமை சுமார் 3 டன். அதைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த 2 அங்குலக் கெட்டி மரம் மட்டும்தான்.

வைரம் பாய்ந்த பழைய தேக்கு எப்படி இப்படி ஆனது? அதே உத்திரத்தின் கிழக்குத் தலையைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே கட்டியவர்கள் தலையைச் சுற்றி ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, முனையில் தார் பூசியிருந்தார்கள். மரம் புதிது போல இருந்தது. ஈரமானி 12 சதவீதம் காட்டியது. மேற்கில் கெட்டியான பகுதியிலேயே 27. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பொதுவாக வேலை செய்வதில்லை.

மேற்குப் பக்கம் அந்த இடைவெளியைச் சிமெண்ட் கலவை திணித்து அடைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு ஈரம் தெரிகிறது என்று கொத்தனார் ஒருவர் செய்த வேலை. மேலே சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் வருகிறது, அடைக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் தண்ணீர் கூடத்திலிருந்து வரவில்லையே. பின்பக்கத்திலிருந்து வந்த ஈரம் வெளியே போக இருந்த ஒரே வழியை அவர் மூடினார்.

தண்ணீர் வந்த வழி

மாடிக்குப் போனால் விடை தெரிந்தது. மேற்குக் கைப்பிடிச் சுவரின் அடியில், வடக்கு உத்திரத் தலைக்கு ஓரடி தள்ளி, மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்பு. கட்டியபோது அதன் வாய் 6 அங்குல உயரம். தளம் 4 அங்குலம் உயர்ந்ததில் மிச்சம் 2 அங்குலம். அதையும் வேப்பஞ்சருகும் ஒரு பழைய குருவிக் கூடும் அடைத்திருந்தன. தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடியில் தேங்கி, சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கி, வழியில் முதலில் கிடைத்த மரத்தைப் பிடித்திருக்கிறது.

ஒழுகலைத் தடுக்கவும் சூட்டைக் குறைக்கவும் போட்ட இரண்டு அடுக்குகளும் சேர்ந்து மூன்று வேலை செய்தன: எடையை ஏற்றின, தூம்பை அடைத்தன, தளத்தில் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தன. ஒரு சதுர அடி துண்டை வெட்டி எடுத்து எடை போட்டேன். 18 கிலோ. 336 சதுர அடிக்கு 6 டன்.

எடுத்த முடிவும் காரணமும்

நாலு வழி இருந்தது.

இளைய மகனின் விருப்பம் கூடத்தை இடித்துக் காங்கிரீட் தளம் போடுவது. நியாயமான ஆசைதான். ஆனால் பக்கத்து அறைகளின் தளமும் அதே சுவர்களில் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய அந்தச் சுவர்களின் மேல் புதுத் தளம் போட்டால் சுற்றிலும் சுவர் மேல் ஓடும் காங்கிரீட் பட்டை பீம், மேற்கு மூலையில் சுவர் பலப்படுத்துதல் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். உத்திரத்தில் 12 அடிக்கு மேல் நல்ல மரம். இரண்டடிக்கும் குறைவான இடத்தில்தான் நோய்.

உத்திரத்தை முழுதாக மாற்றலாம் என்றால், அதன் மேல் உட்கார்ந்த அத்தனை கட்டைகளையும் இருபுறமும் தாங்கி நிறுத்த வேண்டும். 14 அடி நீளத்துக்கு மேல், அந்தப் பருமனில், நன்றாகக் காய்ந்த தேக்கும் சுலபமாகக் கிடைக்காது.

சுவரை ஒட்டி ஒரு தூண் நிறுத்துவது எல்லாவற்றிலும் எளிது. ஆனால் அந்த இடத்தில் பூஜை அறைக் கதவு. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அப்புறம் மிஞ்சியது, கெட்ட தலையை மட்டும் வெட்டி, இரும்பில் ஒரு புதுத் தலை வைப்பது. உத்திரத்தின் இரு பக்கத்திலும் 150 மி.மீ. சேனல், அதாவது 'ப' வடிவ இரும்புச் சட்டம். இரண்டையும் அடியில் 10 மி.மீ. தகடால் இணைத்து ஒரு தொட்டில் போலச் செய்து, மரம் அதில் உட்கார வேண்டும். சேனல்கள் சுவருக்குள் 9 அங்குலம் போய், ஒரு கருங்கல் மேல் நிற்கும். கூடத்துக்குள் நாலடி வரை உத்திரத்தோடு ஓடும். இந்த அமைப்பில் சுவருக்குக் கிட்டே மரம் அடித்தகட்டின் மேல் அழுத்தும். எதிர்முனையில் சேனல் கீழே போகப் பார்க்கும், அதை போல்ட்கள் மரத்தோடு பிடித்து நிறுத்தும். அதனால் சுவர்ப் பக்கத்துச் சுமையை போல்ட்கள் மேல் விடவில்லை. கடைசி முனையில் 16 மி.மீ. போல்ட் நாலு, நடுவில் இரண்டு. துளைகள் உத்திரத்தின் அடிவிளிம்புக்கு மிக நெருங்காமல் பார்த்துக்கொண்டோம். இழுவிசை அதிகம் வரும் இடம் அது.

ஆனால் தொட்டில் வைப்பதற்கு முன்பே தளத்தின் மேல் இருக்கும் சுமையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். தொட்டி கொல்லைப்புறத்தில் தனி ஸ்டாண்டுக்குப் போனது.

வேலை நடந்த விதம்

பிப்ரவரி முதல் வாரம் சவுக்கு முட்டுகளை எடுத்து இரும்பு ஜாக்கி முட்டுகள் வைத்தோம். வடக்கு உத்திரத்துக்கு மூன்று, தெற்குக்கு இரண்டு. எதையும் தூக்கவில்லை, தொட்டுக்கொண்டிருக்கும் அளவு திருகினதோடு சரி.

மேல் அடுக்குகளை உடைக்க பிரேக்கர் மெஷின் கொண்டுவந்தார்கள். திருப்பி அனுப்பினேன். அதிர்வு சுண்ணாம்புத் தளத்தைப் பிளந்துவிடும். உளியும் சுத்தியலுமாக ஒன்பது நாள். இரண்டாம் நாள் மதியம் மாடிக்குப் போனபோது, உடைத்த கழிவெல்லாம் பாண்டு பாண்டாக ஒரே இடத்தில் குவிந்திருந்தது. எங்கே என்று பார்த்தால் வடக்கு உத்திரத்தின் மேற்கு முனைக்கு நேர் மேலே. இறக்கும் கயிறு அந்தப் பக்கம் இருந்ததால் அவர்களுக்கு அதுதான் சௌகரியம். கயிற்றைக் கிழக்குப் பக்கம் மாற்றி, மாடியில் எதையும் குவிக்கக்கூடாது, உடைக்க உடைக்க இறக்க வேண்டும் என்று ஆக்கினோம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது நான்.

6 டன் இறங்கியதும், முட்டுகளை ஒரு மணி நேரம் தளர்த்தி மறுபடி நூல் பிடித்தேன். நடு வளைவு 28லிருந்து 24 மி.மீ. ஆகியிருந்தது. யாரும் தூக்காமலே உத்திரம் 4 மி.மீ. மேலே வந்திருக்கிறது. மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் குடும்பத்துக்குக் காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை. இளைய மகனும் இதற்குப் பிறகு இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

முட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, மேற்குத் தலையைச் சுவர் முகத்தோடு வெட்டினோம். சுவரில் குழி எடுத்து, 18 அங்குல நீளமுள்ள கருங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் படுக்க வைத்து ஒரு வாரம் விட்டோம். வெட்டிய மர முகத்தில், பூஞ்சைக்கும் கரையானுக்கும் மருந்தாக, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலை மூன்று தடவை. தொட்டில் வந்தது, உட்கார்ந்தது.

ஒரு தவறு

சரி, இங்கேதான் நான் செய்த பிழை. தலை 9 மி.மீ. இறங்கியிருந்தது என்று சொன்னேன் அல்லவா. தொட்டில் வைக்கும் நேரத்தில் அதைப் பழைய மட்டத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று தோன்றியது. தச்சர், "இருக்கிறபடி விட்டுடலாம் சார், அது அப்படியே படிஞ்சு போச்சு" என்றார். நான் கேட்கவில்லை. ஜாக்கியைத் திருகி ஒரே பகலில் 6 மி.மீ. தூக்கினேன். உத்திரம் சொன்னபடி கேட்டது. மேலே இருந்த தளம் கேட்கவில்லை. மாலை நாலு மணிக்கு 'பட்' என்று ஒரு சத்தம். முதல் கட்டையை ஒட்டி 7 அடி நீளத்துக்கு மயிரிழை விரிசல்.

தலை இறங்கியது ஒரே நாளில் இல்லை, சில வருஷங்களில். சுண்ணாம்புத் தளம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தானும் படிந்துவிட்டது. அதை ஒரு பகலில் திருப்ப முடியாது. மேலும், அந்த 9 மி.மீ. யாருக்கும் தொந்தரவாகவும் இல்லை. 3 மி.மீ. திரும்ப இறக்கி, தொட்டிலுக்கும் கல்லுக்கும் இடையே இரும்புத் தகடுகள் வைத்து அந்த மட்டத்திலேயே நிறுத்தினோம். ஏப்ரலில் பெய்த ஒரு கோடை மழையில் விரிசல் வழியாக இரண்டு இடத்தில் சொட்டியது. அந்தப் பகுதியில் தட்டோட்டை எடுத்து, நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை விரிசலுக்குள் ஊற்றி, தட்டோடு திரும்பப் பதித்தோம். இரண்டு வார வேலையும் செலவும் என் கணக்கில்.

முடித்த விதம்

தூம்பு மறுபடி 6 அங்குலம் ஆனது, வாயில் கம்பி வலை. மாடித் தளத்தில் மேல் அடுக்குத் தட்டோடு உடைந்த இடங்களில் மட்டும் மாற்றி, சுண்ணாம்பில் பூசினோம். கூடத்தில் மேற்குச் சுவரின் சிமெண்ட் பூச்சை நாலடி அகலத்துக்குக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு. இரும்புத் தலையைச் சுற்றி ஓர் அங்குல இடைவெளி, வெளிச்சுவரில் வலை போட்ட ஒரு காற்றுத் துளை.

இரும்பு வெளியே தெரிவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பிளைவுட் பெட்டி அடித்து மூடச் சொன்னார். மூடினால் அடுத்த தடவை பொடி உதிர்வது தெரியாது, ஈரமும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மரத்தின் நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்று சமாதானம் ஆனது. செலவு, இடித்துக் கட்டக் கேட்டிருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பிறகு

2022, 2023 இரண்டு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் போய் அளந்தேன். வடக்கு உத்திரத்தின் நடு வளைவு 24 மி.மீ., மாறவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்து மரத்தில் ஈரம் முதல் வருஷம் 17, அடுத்த வருஷம் 14 சதவீதம். விரிசல் இருந்த இடத்தில் கறை இல்லை.

கூலிங் டைல்ஸ் எடுத்ததால் கோடையில் கூடம் சூடாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஓரளவு ஆகத்தான் செய்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், அடிக்கிறார்கள். எடை இல்லாத வைத்தியம்.

இரண்டாம் வருஷம் போனபோது ஒரு புதுச் செய்தி. வடமேற்கு மூலையில், வடக்குச் சுவருக்குள் போகும் ஒரு சிறு கட்டையின் தலை ஈரமாக இருந்தது. மேற்குக் கைப்பிடிச் சுவரின் அதே ஈரம் மூலை வரை பரவியிருந்த காலத்தில் தொடங்கியதாக இருக்க வேண்டும். கெட்டது ஓர் அங்குலம்தான். பக்கத்தில் ஒரு சால் மரக் கட்டையைச் சேர்த்து போல்ட் போட்டாயிற்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அந்தச் சிறு கட்டை முதல் தடவையே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். உத்திரத் தலைகள் நாலையும் திறந்தேன். தெற்கு உத்திரத்தின் மேற்குத் தலையில் ஆரம்ப நிலை ஈரம் கண்டு மருந்தும் பூசினேன். கட்டைகளின் தலைகளை மட்டும், அவை சிறியவை, சுமை குறைவு என்று விட்டுவிட்டேன். ஈரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. இப்போதெல்லாம் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தேங்கிய அடையாளம் இருந்தால், அந்தச் சுவருக்குள்ளும் அதன் மூலைகளுக்குள்ளும் போகும் மரத் தலைகள் எல்லாவற்றையும், பெரியதோ சின்னதோ, பூச்சு நீக்கிக் குத்திப் பார்த்துவிடுகிறேன்.

தலையைத் தூக்குவதும் இனி இல்லை. கதவு சிக்குகிறது, தண்ணீர் வாட்டம் மாறிவிட்டது என்பது போன்ற காரணம் இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் போகாமல், மாடியில் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்துக்கொண்டு செய்யலாம். இந்தக் கூடத்தில் அப்படி எந்தக் காரணமும் இல்லை. எனக்குத்தான் அது கோணலாகத் தெரிந்தது.

நவம்பரில் கொடுத்த சவுக்கு முட்டை, மழை முடியட்டும் என்று ஜனவரி வரை விட்டேன். பலகை போட்டிருந்தும் தரை சற்று அழுந்தி, ஒரு ஆப்பு தளர்ந்திருந்ததை ஜனவரியில்தான் கண்டோம். அம்மாவிடமோ தச்சரிடமோ வாரம் ஒரு தடவை ஆப்பைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

கடைசித் தடவை போனபோது கட்டில் பழைய இடத்துக்கே வந்திருந்தது. தூம்பைப் பார்க்க மாடிக்கு ஏறினேன். வலையில் சருகு இல்லை. அம்மாவால் ஏற முடியாது. எதிர்வீட்டுப் பையன் ஐப்பசி பிறந்ததும் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை ஏறி அள்ளிப் போடுகிறானாம்.